விதி பதினொன்று

மாங்குளம் சந்தியில் போன் திருத்துகிற கடை என்னுடையது.
நேற்று, கோபுரக் கம்பனிப் பொறியியலாளர் ஒருவர்
தேத்தண்ணியை ஊதிக் குடித்தபடி கேட்டார்:
கார்த்திகை பிறந்தால்
ஒலுமடுப் பக்கம் ஏன் சிக்னல் சாகிறது?
நனைந்த இலை அலையைக் குடிக்கும் என்றேன்.
பாலையைவிட வீரை கூடக் குடிக்கும் என்றேன்.
எங்கே படித்தீர்கள் என்றார்.
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

படித்தது ஒட்டுசுட்டானுக்கு மேற்கே,
மரக்குற்றி அடுக்கிய பங்கரில்,
எண்பது பக்கக் கொப்பியில்.

முதலில் வைத்தது ஒரேயோர் அன்ரனா,
காட்டிலேயே உயரமான பாலையின் உச்சியில்.
எல்லாச் சொல்லும் அதனிடம் வரும், அதனிடமிருந்து போகும்.
கெட்டித்தனமான அமைப்பு.
ஒன்பது நாள் உயிரோடிருந்தது.
பத்தாம் நாள் மரமும் இல்லை, மரத்தடியும் இல்லை.
அன்றிரவு கொப்பியில் எழுதினேன்: தலை வேண்டாம்.

நடந்துகொண்டிருப்பவர்களுக்கு வலை பின்னுவது
மீனுக்குப் பின்னுவது போலல்ல.
முடிச்சுகள் இடம் மாறும்.
முடிச்சுகளுக்கு மலேரியா வரும்.
காலையில் முத்தையன்கட்டில் இருந்தது
பொழுதுபட நெடுங்கேணிப் பக்கம் நிற்கும்,
அதுவும் பற்றறி பாதி இறங்கி.
ஆகவே ஒவ்வொரு பெட்டியும் தனக்காகவும் பேசும்,
பிறருக்காகவும் கடத்தும்.
யாருக்கென்று தெரியாத பொதியை வாங்கி,
திறக்காமல், அடுத்த கைக்கு.
அரைச் செக்கனுக்கு மேல் வாய் திறக்காது.
மேலே சுற்றுவதற்குக் கண் மட்டுமல்ல, காதும் உண்டு.

செப்புக் கம்பியை வெட்ட அளவுகோல் கிடையாது.
கதிர்மொழி முழங்கையை மேசையில் ஊன்றுவாள்.
கால் அலைநீளம்
அவளுடைய ஒரு முழமும் என்னுடைய இரண்டு விரலும்.
வன்னி முழுக்க அந்தக் கையின் நீளத்தில் பேசியது.

பிறகு விதிகள்.
இருக்கிறேன் என்று ஒவ்வொரு கணுவும் சொல்லவேண்டும்,
ஒழுங்கில்லாத இடைவெளியில்;
ஒழுங்கைக் கேட்பவன் எண்ணிவிடுவான்.
விதி பதினொன்று:
மூன்று தடவை சொல்லாவிட்டால்
அட்டவணையிலிருந்து நீக்கு, வேறு வழி தேடு.
எழுதி முடித்த அன்று சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி குடித்தேன்.
அவ்வளவு அழகான விதி.

மாசியில் நிலம் ஒடுங்கியது.
காடு முடிந்து, வயல் முடிந்து, மணல் தொடங்கியது.
சொல்ல வெட்கமாக இருக்கிறது:
வலை ஒருநாளும் அவ்வளவு நன்றாக இயங்கியதில்லை.
அவ்வளவு தெளிவு, அவ்வளவு வேகம்.
எல்லோரும் அவ்வளவு கிட்டக் கிட்ட.
நடுவில் தறப்பாள்கள், சட்டி பானைகள், சனம்.
அலை சனத்தையும் ஊடறுத்துத்தான் போனது.

ஏழாம் கணு ஒருமுறை சொல்லவில்லை.
இரண்டாம் முறை, பற்றறி மாற்றுகிறாள் என்று நினைத்தேன்.
மூன்றாம் முறைக்குப் பிறகு
திரையில் ஏழு என்ற இலக்கம் இல்லை.
ஒன்பதுக்கூடாகப் பாதை திறந்தது.
ஒரு பொதியும் தவறவில்லை.
நான் எழுதியது எழுதியபடி நடந்தது.
அடுத்த கம்பியை என் கையால் அளந்தேன்.
அலை கொஞ்சம் விலகியே நின்றது.

திறக்காமல் கடத்தியவற்றுக்குள் என்ன இருந்தது என்று
முகாமில் கேட்டார்கள், பல தடவை.
இப்போது கேட்பது நான் மட்டும்.

பொறியியலாளர் தன் புது அமைப்பைக் கடதாசியில் கீறிக் காட்டினார்.
ஒரு கோபுரம் விழுந்தால்
மற்றது தானாகவே பாரம் எடுக்குமாம்.
சனத்துக்குத் தெரியவே தெரியாதாம்.
நல்லது, என்றேன்.
விழுந்ததை யார் போய்ப் பார்ப்பது?
அதற்கென்ன, என்றார்,
நாலு மணித்தியாலத்துக்குள் ஆள் போகவேண்டும்,
அது கம்பனி விதி.

அவர் போனபின்னும் அந்தக் கடதாசி மேசையில் கிடந்தது.
எண்பது பக்கக் கொப்பி.
கடைசிப் பக்கங்கள் வெறுமையாகத்தான் இருந்தன.
இடம் இருந்தது.